கடை கார்டு கடனும் திவாலும்: ஒரு திருத்தம்

"அமெரிக்காவில் சாப்டர் 7 திவால் மனு போட்டால் கடை கார்டு கடனெல்லாம் போய்விடும், சோபாவும் டிவியும் நமக்கே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கடை கார்டு என்பது, ஒரு கடை தன் பொருள்களைக் கடனில் வாங்கத் தரும் கார்டு; சாப்டர் 7 என்பது, கடனைக் கட்ட முடியாதவர் நீதிமன்றத்தில் கடன் விடுவிப்புக் கேட்கும் திவால் வகை. அவர் சொன்னது பாதிதான் சரி. போவது, கடனைக் கட்ட வேண்டிய உங்கள் தனிப்பட்ட பொறுப்பு மட்டும். ஃபர்னிச்சர், நகை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் தரும் கடனில், வாங்கிய பொருளே ஈடு என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கலாம். இருந்தால், அந்த ஈட்டுரிமை (கடன் கட்டாவிட்டால் பொருளை எடுத்துக்கொள்ளும் உரிமை) திவாலுக்குப் பிறகும் அந்தப் பொருள்மேல் நிற்கும். முதலில் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பலர் கவனிக்காத வழி திவால் சட்டத்தின் 722-ஆம் பிரிவு: வீட்டு உபயோகப் பொருளின் இன்றைய மதிப்பை ஒரே தடவையில் கட்டி மீட்கலாம். பாக்கி 1,500 டாலர், அதே நிலையில் உள்ள பழைய சோபா கடையில் 300 டாலர்தான் என்றால், 300 போதும்.

கடனைத் தொடர்வதாகக் கடைக்காரர் நீட்டும் மறு ஒப்பந்தத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய பொறுப்பு முழுதாகத் திரும்பி வரும். போட்டுவிட்டீர்களா? சரி, அது நீதிமன்றத்தில் தாக்கலான 60 நாளுக்குள், அல்லது கடன் விடுவிப்பு உத்தரவு வரும்வரை, இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் ரத்து செய்யலாம்.