தோபி தலாவில் ஒரு மீன்

இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு பார்வர்டு வந்தது. சிந்துவெளி முத்திரைகள் அத்தனையையும் தமிழில் படித்து முடித்தாயிற்றாம், உலகமே வாயடைத்து நிற்கிறதாம், உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும். அனுப்பியவர் தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. முப்பது வருஷப் பழக்கம். காலையில் கடை திறந்ததும் ஊதுவத்தி, அடுத்தது பார்வர்டு. அந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, இதை நம்ம பம்பாயிலயே உட்கார்ந்து ஒருத்தர் அந்தக் காலத்துலயே சொல்லிட்டார். ஸ்பெயின் தேசத்துப் பாதிரியார். அவர் சேர்த்து வெச்ச சாமானெல்லாம் சிஎஸ்டி ஸ்டேஷன்லேர்ந்து பத்து நிமிஷ நடையில இருக்கு. வர்றீங்களா?" என்று எழுதினேன்.

உடனே பதில்: "அப்பம் நம்ம ஆளு இல்லையாவே?"

செயின்ட் சேவியர் கல்லூரிக்குள், அந்தப் பாதிரியார் பெயரில் இருக்கும் ஹெராஸ் நிறுவனத்தின் சின்ன அருங்காட்சியகத்தைத்தான் சொன்னேன். மும்பைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த கல்லூரி, 1869-இல் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமைக்கு முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, நான் செம்பூரிலிருந்து ஹார்பர் லைனிலும் அண்ணாச்சி சயானிலிருந்தும் வந்து சேர்ந்தோம். மாநகராட்சிக் கட்டடம், ஆசாத் மைதானம், காமா ஆஸ்பத்திரி தாண்டினால் கல்லூரி. இந்தப் பக்கம் எத்தனையோ தடவை டாக்ஸியில் போயிருக்கிறேன். இறங்கியது அன்றைக்குத்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பெரிய மியூசியம் ஆகாது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஊரிலிருந்து யார் வந்தாலும் கேட்வே ஆஃப் இந்தியா, அப்படியே நடந்து பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் (பெயர் மாறி வருஷக்கணக்காகிவிட்டது, வாய் மாறவில்லை). அங்கே டாட்டா குடும்பத்தார் கொடுத்த சீன, ஜப்பானியப் பொருட்கள் அவ்வளவு இருக்கின்றன. நான் அவற்றைப் பார்த்ததெல்லாம் கால் கடுக்க, ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் இன்னொரு கையில் யாரோ ஒரு குழந்தையுமாக, வெளியே போகும் வழி எது என்று தேடிக்கொண்டே. ஒரு பீங்கான் ஜாடியாவது நினைவில் இருக்கிறதா என்றால் இல்லை. குறை மியூசியத்தின் பேரில் இல்லை, இரண்டு மணி நேரத்தில் ஆசியாவை முடித்துவிடப் பார்த்த என் பேரில்தான்.

சின்ன இடத்தில் அந்த அவசரம் இல்லை. கல் சிற்பம் சில, செப்புத் திருமேனி, நாணயம், தந்தம். அண்ணாச்சி ஐந்து நிமிஷத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "இவ்ளோதானா?" என்றார். இவ்வளவுதான். அதனால்தான் மறுபடியும் முதலிலிருந்து பார்க்க முடிந்தது.

இரண்டாம் சுற்றில் அவர் தந்தச் சிற்பங்களிடம் நின்றுவிட்டார். கோவாவில் போர்த்துகீசியர் காலத்தில் தேவாலயங்களுக்காகவும் வீட்டுப் பூஜைக்காகவும் செய்த வகை. தந்தம் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது, செதுக்கிய கைகள் நம் நாட்டுக் கைகள். கிட்டே போய்ப் பாருங்கள்: தந்தம் எந்தப் பக்கம் வளைந்ததோ அந்தப் பக்கமே உருவமும் இடுப்பைச் சாய்த்து நிற்கும். தச்சன் பொருளை மீறவில்லை, வளைவையே நிற்கும் அழகாக்கிவிட்டான். அண்ணாச்சி கண்ணாடிமேல் மூச்சு படிகிற அளவுக்குக் குனிந்து ஒரு முகத்தைப் பார்த்தார். பாதி மூடிய கண், உருண்ட கன்னம். "இது நம்ம ஊரு பிள்ளை முகம்லா" என்றார். அவருக்கு இந்தோ-போர்ச்சுகீசியக் கலை என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பலகையைப் படித்துவிட்டு நகர்ந்திருப்பார்.

இனி பாதிரியார் கதை. ஹென்றி ஹெராஸ், இயேசு சபைத் துறவி, 1888-இல் பார்சலோனாவில் பிறந்தவர். 1922-இல் பம்பாய்க்கு வந்தார். எந்த நாட்டு வரலாறு நடத்துவீர்கள் என்று கல்லூரியில் கேட்டார்களாம். இந்திய வரலாறு என்றாராம். அதில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. பிறகு எப்படி நடத்துவீர்கள்? படித்துக்கொள்கிறேன். இப்படி ஒரு கதை சொல்வார்கள். நாலே வருஷத்தில், 1926-இல், வரலாற்று ஆய்வுக்கென்று நிறுவனத்தையே தொடங்கிவிட்டார். அவர் 1955-இல் காலமான பிறகு அதற்கு அவர் பெயரை வைத்தார்கள். இந்த மனிதர் நம் பக்கத்துக்காரர் என்றே சொல்லலாம். விஜயநகரத்தின் கடைசி வம்சமான ஆரவீடு அரசர்களைப் பற்றி 1927-இல் பெரிய புத்தகம் எழுதினார். பல்லவர் வரலாறு பற்றியும் எழுதினார். தபால் துறை 1981-இல் இவருக்குத் தபால்தலையே வெளியிட்டது. மும்பைத் தமிழர்களில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்? எனக்கே லேட்டாகத்தான் தெரியும்.

சிந்துவெளி பற்றித் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924-இல். ஹெராஸ் முத்திரைகளில் இறங்கினார். அவற்றின் மொழி திராவிடம் என்று நம்பினார், கணக்கில்லாமல் படித்துத் தள்ளினார். அவர் படித்ததில் பெரும்பகுதியை இன்றைக்கு அறிஞர்கள் யாரும் ஏற்பதில்லை. இதைச் சொன்னதும் அண்ணாச்சி முகம் வாடிவிட்டது. "அப்பம் எல்லாம் பொய்யா?"

பொய் இல்லை, தப்பு. இரண்டும் வேறு. அதோடு ஒன்று மிச்சமிருக்கிறது.

முத்திரைகளில் திரும்பத் திரும்ப வரும் குறிகளில் ஒன்று மீன். முத்திரை எவ்வளவு பெரிது என்று நினைக்கிறீர்கள்? தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் ஒரு அங்குலத்துச் சதுரம். நம் வீட்டுக் கல்சட்டி செய்கிற அதே மாக்கல்தான், செதுக்கிச் சுட்டது. எழுத்து இடம் வலம் மாறி இருக்கும், களிமண்ணில் அழுத்தினால்தான் நேராக விழும். அதில் மீன் எதற்கு, மீன் வியாபாரக் கணக்கா? ஹெராஸ் சொன்னது: மீன் என்றால் திராவிட மொழிகளில் நட்சத்திரமும்தான். விண்மீன். வரைய முடியாத ஒன்றை, அதே ஒலியுள்ள, வரைய முடிகிற இன்னொன்றால் காட்டியிருக்கிறார்கள். ஆறு கோடும் மீனும் சேர்ந்தால் அறுமீன், கார்த்திகை. ஏழு கோடும் மீனும் என்றால் எழுமீன், சப்தரிஷி மண்டலம். அறுமீன் அகநானூற்றில் இருக்கிறது, எழுமீன் நற்றிணையில் இருக்கிறது. பின்னால் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலா இந்த இழையைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் போனார்.

இதுவும் நிரூபணம் ஆகவில்லை. ஒரு வாசகத்துக்குச் சராசரியாக ஐந்து குறிகள்தான், ஒப்பிட்டுப் படிக்க, இரண்டு மொழியில் எழுதிய கல் ஒன்றும் கிடைக்கவில்லை. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977-இல் அதுவரை கிடைத்த வாசகங்களை அட்டவணையாக்கிக் கொடுத்தார், வாழ்நாளெல்லாம் அதிலேயே உழன்றார், படித்து முடித்தாயிற்று என்று அவரே சொன்னதில்லை. 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தார். பார்வர்டு சொல்வது உண்மையென்றால் அந்தப் பணத்தை வாங்க ஆள் போயிருக்க வேண்டாமா என்று கேட்டேன். அண்ணாச்சிக்கு இந்தக் கணக்கு மட்டும் சட்டென்று புரிந்தது.

எனக்குக் கோபம் பார்வர்டு அனுப்புகிறவர்கள் மேல் இல்லை. நான் படித்த கல்லூரி தென்மாவட்டத்தில். பழங்காலத் தாழிகள் தோண்டி எடுத்த ஆதிச்சநல்லூர் பஸ்ஸில் போய் வருகிற தூரம். எங்கள் வரலாற்றுத் துறையில் ஒரு மர பீரோ இருந்தது. உள்ளே தாழி ஓடுகள், கறுப்பு சிவப்பு மட்கலம், துருப்பிடித்த இரும்பு ஏதோ. சாவி பியூனிடம். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு நாள் திறந்தார்கள், ஆய்வுக்குழு வந்த அன்று. தூசி தட்டி, மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து அடுக்கி, குழு டீ குடித்துவிட்டுப் போனதும் உள்ளே வைத்துப் பூட்டினார்கள். ஒரு ஓட்டைக் கையில் கொடுத்து "இது என்னன்னு யோசி" என்று யாராவது சொல்லியிருந்தால் நான் பாங்கு வேலைக்கு வந்திருக்க மாட்டேனோ என்னவோ. வந்திருப்பேன், வீட்டு நிலைமை அப்படி. ஆனால் கையில் எடுத்த ஞாபகமாவது இருந்திருக்கும். கல்லூரிச் சேகரிப்பு என்பது அதற்குத்தானே? இருபது வயதுப் பிள்ளை கிட்டே நின்று பார்ப்பதற்கு, வாத்தியார் "எனக்கும் தெரியலப்பா" என்று சொல்வதற்கு.

வெளியே வந்து, கல்லூரிக்குப் பக்கத்துத் தோபி தலாவ் பகுதியில் ஒரு இரானி டீக்கடையில் உட்கார்ந்தோம். பன் மஸ்கா, சாயா. அண்ணாச்சி சாஸரில் சிந்தியதை விரலால் தொட்டு, சலவைக்கல் மேஜைமேல் ஒரு மீன் போட்டார், வாலோடு. பக்கத்தில் ஆறு கோடு.

"கார்த்திகைன்னா முருகன்லா?"

"பொறுங்க அண்ணாச்சி."

"இல்லவே, நம்ம திருச்செந்தூரான்..."

"பொறுங்கன்னேன்ல."

அவர் பொறுத்தது ரயில் ஏறும்வரைதான். ராத்திரி குழுவில் செய்தி: "ஹெராஸ் பாதிரியார். சேவியர் கல்லூரி. மீன் என்றால் நட்சத்திரம். சரியா தப்பா என்று இன்னும் தெரியாது. பத்துப் பேருக்கு அனுப்பவும்."

போக விரும்புகிறவர்களுக்கு: அது கல்லூரி, நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. முன்பே பேசிவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள். குழுவில் எட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேர் பிள்ளைகளோடு. அடுத்த மாதம் ஒரு வார நாளாகப் பார்க்கிறேன். அண்ணாச்சி மட்டும் இன்னொரு தடவை கடையை அடைக்க முடியாது என்கிறார், ஆனால் தேதி என்ன என்று மூன்று முறை கேட்டுவிட்டார்.