‘பிங்க் மூன்’ பாட்டில் இரண்டு கிட்டார் இல்லை

நாகர்கோவில், தக்கலைப் பக்கம் கிட்டார் பழகுவோரிடையே ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது: ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ பாட்டு இரண்டு கிட்டாரில் பதிவானதாம், வழக்கமான சுருதியிலேயே வாசிக்கலாமாம். இரண்டுமே தவறு.

1974இல், 26 வயதிலேயே நாம் இழந்த அந்த அபூர்வக் கலைஞர் 1971 அக்டோபரில் லண்டனில் இரண்டே இரவுகளில் பதிந்தது இதே பெயர் கொண்ட ஆல்பம். இந்தப் பாட்டில் ஒரே கிட்டார், கூடவே கொஞ்சம் பியானோ. அவ்வளவுதான். இரட்டைக் கிட்டார் மாதிரிக் கேட்பது சுருதி மாற்றத்தால்; தளர்த்திய கம்பிகள் விரல் வைக்காமலே முழங்கும்.

வழக்கமான சுருதியிலிருந்து தடித்த ஈ கம்பியை 4 அரைச்சுரம் இறக்கி சி ஆக்குங்கள். ஏ, டி, ஜி மூன்றும் 2 அரைச்சுரம் கீழே. பி மட்டும் ஒன்று மேலே. மெல்லிய ஈ அப்படியே. கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) கழுத்தின் 2ஆம் ஃப்ரெட்டில்.

தடித்த கம்பி தொளதொளத்து இரைந்தால் இன்னும் தடிமனானது போடுங்கள். முட்டம், குளச்சல் உப்புக்காற்றில் துருவேறிய பி கம்பி ஏற்றும்போது அறுந்துவிடும், மெதுவாகத் திருகுங்கள்.