நடுவில் ஓடுவது யார்?

படுத்த படுக்கையான தகப்பனை உதவி கேட்டு அரசு முகாமுக்குக் கட்டிலோடு தூக்கி வந்த ஒரு குடும்பத்தின் படம் சமூக வலைத்தளத்தில் சுற்றுகிறது. அந்தக் கட்டில் படத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். நேற்று ராத்திரி அதன் கீழே வந்த ஒரு கமெண்ட்டைப் பார்த்த பிறகு தூக்கம் போய்விட்டது. "பெற்ற தகப்பனைக் கட்டிலோடு தூக்கி வந்து விளம்பரம் தேடுகிறார்கள். வீட்டில் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்த நிலைமை வருமா?" எழுதியவர் முகம் தெரியாத ஆள் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தவர்.

சரி. படத்தில் இருக்கிற குடும்பத்தை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கட்டிலைத் தெரியும். அப்படி ஒரு கட்டிலின் தலைமாட்டை நான் பிடித்திருக்கிறேன், கால்மாட்டை ஆட்டோக்காரர் பிடித்தார்.

2022-இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பெயர்கள் எல்லாம் தெளிவாக இருந்தன. படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் போடுவது, உதவித்தொகைக்கு யாரைப் பார்ப்பது, இதெல்லாம் அந்தச் சீட்டில் இல்லை. அது அவர்கள் வேலையும் இல்லையாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கட்சி கட்டிவிடுவீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்களுக்கு உண்மையாகவே உதவியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். சுய உதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் அக்கா மாதம் தவறாமல் வந்து பிரஷர் பார்ப்பார், சர்க்கரை மாத்திரை கொடுப்பார். பிசியோதெரபி செய்கிற தம்பி வந்துதான் அப்பாவை முதல் முறையாக உட்கார வைத்தார். அந்த அக்காவுக்குக் கொடுக்கிற ஊக்கத்தொகை எந்த மூலைக்கு என்பது தனிக் கதை.

அந்த அக்காவிடம்தான் கேட்டேன். "உதவித்தொகைக்கும் நீங்களே எழுதிக்கொண்டு போகக் கூடாதா அக்கா?" அவர் சங்கடமாகச் சிரித்தார். "அது ரெவின்யூ பக்கம்மா. நாங்க ஹெல்த்து."

இதைத்தான் சொல்ல வருகிறேன். மாத்திரை ஒரு துறை. முதியோர் உதவித்தொகை, 2023-இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது, அது வருவாய்த்துறை. கை கால் விழுந்தவர் என்று அட்டை வாங்கி, பாதிப்பு 75 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் அப்போது 2,000 ரூபாய், அது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. ஒன்றை வாங்கினால் மற்றொன்று கிடையாது என்பதை மூன்றாவது நடையில்தான் சொன்னார்கள். மூன்று துறை, மூன்று கட்டடம், மூன்று மதிய உணவு இடைவேளை. நடுவில் ஓடுவது யார்? பீ மூத்திரம் அள்ளிவிட்டு, கை கழுவி, நகல் எடுக்கப் போகிறவர்தான்.

இதில் உச்சம், வருடா வருடம் கேட்கிற உயிரோடு இருக்கிற சான்று. அரசாங்கத்தின் ஒரு கை மாதா மாதம் வீட்டுக்கு வந்து, அப்பாவின் ரத்த அழுத்தம் 150-க்கு 90 என்று ஆப்பில் ஏற்றிக்கொண்டு போகிறது. அதே அரசாங்கத்தின் இன்னொரு கை, இந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா, அத்தாட்சி கொண்டு வா என்கிறது. செத்தவனுக்கா பிரஷர் பார்த்தார்கள்?

"துறைகள் எல்லாம் சேர்ந்து ஒருங்கிணைப்புக் கூட்டம் நடத்துகிறார்களே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நடத்துகிறார்கள். ஃப்ளெக்ஸ் பார்த்தேன், நன்றாக இருந்தது. கூட்டம் முடிந்து அவரவர் கட்டடத்துக்குப் போன பிறகு நடுவில் ஓடுவது யார்?

சேர்த்து வைக்கத் தெரியாத அரசாங்கமா இது? ஒரு பெண் கர்ப்பம் என்றால் கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்கிறார், பிக்மி எண் என்று ஒரு கர்ப்பப் பதிவு எண் வருகிறது. தடுப்பூசி, முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி, பிரசவம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை அந்த ஒரே எண் கூடவே வருகிறது. அங்கன்வாடியும் செவிலியரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் உட்கார்ந்து சத்துமாவும் ஊசியும் கொடுக்கிறார்கள். வருகிற உயிருக்கு இவ்வளவு அழகாகச் செய்யத் தெரிந்தவர்களுக்குப் போகிற உயிருக்குச் செய்ய மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்துக் கேரளத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். 1993-இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் வலி நிவாரண சிகிச்சை என்று சின்னதாகத் தொடங்கினார்கள். மலப்புரம் பக்கம் ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். 2008-இல் அரசே அதைக் கொள்கையாக அறிவித்தது, உள்ளாட்சிகள் செலவை ஏற்றன. வீட்டுக்குப் போகிறவர் காயத்துக்குக் கட்டுப் போடுவதோடு நிற்பதில்லை. அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்றும் பார்க்கிறார். "அங்கே ஊர் சின்னது, பஞ்சாயத்துக்குப் பணம் இருக்கிறது" என்பார்கள். இருக்கலாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தேடுகிற பொறுமையும் இல்லை.

"நீங்கள் படித்தவர்தானே, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டிருக்கலாமே?" போட்டேனே. ஓடிபி வந்த நேரம் அப்பாவுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்துவிட்டது. மறுபடி போட்டேன். ஸ்கேன் தெளிவாக இல்லை என்று திருப்பினார்கள். நேரில் வாருங்கள் என்றார்கள். ஆறு மாதம் கழித்து அட்டைக்கான முகாமுக்கு நேரில் போனோம், கட்டிலோடு. அன்றைக்கு யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கும் ஒருவர் 'விளம்பரம்' என்று எழுதியிருப்பார்.

கடைசியாக, "குடும்பம் பார்க்க வேண்டாமா?" அண்ணா, இது உங்களுக்கு. பார்த்தோம். இரண்டு வருடம் முழுத் தூக்கம் இல்லாமல் பார்த்தோம். வேலையை விட்டேன். தம்பி வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் பார்த்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா ஒரு நாள் முகம் திரும்பாமல், "என்னால எல்லாருக்கும் கஷ்டம்" என்றார், பாதி வாய்தான் அசைந்தது. முதுகில் ஒரு புண்கூட வராமல்தான் அனுப்பி வைத்தோம். ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று நீங்கள் எழுதியது அந்தப் படத்தில் இருக்கிறவர்களைத்தான், தெரிகிறது. ஆனால் படித்தது நான்.

அப்பாவின் தண்ணீர்ப் படுக்கை பரணில்தான் இருந்தது. போன மாதம் அடுத்த தெருவில் ஒரு பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மருமகள் வந்து கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அட்டைக்கான முகாம் எந்தக் கிழமை, எத்தனை நகல், எந்த ஜன்னல் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். "நீங்க அங்க வேலை பாக்குறீங்களாக்கா?" என்று கேட்டாள்.