லயத்துல ஏது அறைவீடு?

எங்க வீடு தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டுன காம்பிராங்க, அதான் அறைங்க. போன வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், சூம்ல. நான் ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு, கதவுக்கு உள்தாப்பா போட்டுட்டு, கண்ண மூடி கட்டில்ல உக்காந்திருக்கேன். பாஸ்டர் "ஆண்டவரே எங்களோட பேசும்"னு உருக்கமா ஜெபிக்கிறாரு, நானும் ஆமென் ஆமென்னு சொல்லிக்கிட்டு இருக்கேன், அந்த நேரம் பாத்து பக்கத்து காம்பிரா பெரியம்மா கதவ தட்டுறாங்க. ஒருதரம் இல்ல, நாலஞ்சி தரம். எனக்கு வந்திச்சே ஒரு கோவம்! ஜெப நேரம்னு தெரியாதான்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டு கண்ணத் தொறக்காமலே இருந்துட்டேன். முடிஞ்சி வெளிய வந்தா, அவங்க பேரனுக்கு காய்ச்சல் கூடிப்போயி, ஆட்டோவுக்கு சொல்ல போன்ல காசு இல்லாம என்கிட்ட ஒரு போன் கோல் எடுக்க கேட்டு வந்திருக்காங்க. கீழ் லயத்து தம்பி ஒருத்தன்தான் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருக்கான். பிள்ளைக்கு இப்ப சுகம்.

மத்தேயு 6ல இயேசு சொல்றாரு, அறைவீட்டுக்குள்ள, அதாவது உள்ளறைக்குள்ள போய் கதவப் பூட்டிட்டு ஜெபம் பண்ணுன்னு. சண்டே ஸ்கூல்ல இத மனப்பாடம் பண்றப்பவே எனக்கு டவுட்டுதான். வெள்ளக்காரன் காலத்து லயம், ஒரு காம்பிராவுல ஏழு பேரு, பக்கத்து வீட்டுல கரண்டி விழுந்தா எங்க வீட்டுல தூக்கம் கலையும், இதுல அந்தரங்கம் எங்க இருக்கு? அம்மாகிட்ட கேட்டேன், நீங்க எங்கம்மா ஜெபிப்பீங்கன்னு. "மலையிலதான். தேயிலைச் செடி வரிசையில நெரை புடிச்சி கையி ஓட ஆரம்பிச்சிட்டா யாரு நம்மள தேடி வரப்போறா, கங்காணியத் தவிர"ன்னாங்க. இடுப்புல படங்குச் சாக்க கட்டிக்கிட்டு, அட்டைக்கடியோட, மழையில நின்னு பண்ணுன ஜெபம் அது. கொழுந்து நிறுக்கிற எடத்துல, கொழுந்துல இருக்கிற தண்ணிக்குன்னு எடையில ரெண்டு மூணு கிலோவ சேத்து வெட்டினா அம்மா கணக்கப்பிள்ளைய பாத்து வாயத் தொறக்க முன்ன "இயேசப்பா"ன்னு ஒரு மூச்சு விடுவாங்க, அப்புறந்தான் சண்டை.

பைபிள்ல நெகேமியாவும் இதத்தான பண்ணுனாரு? அர்தசஷ்டா ராஜாவுக்கு பானம் குடுக்கிற உத்தியோகம். உனக்கு என்ன வேணும்னு ராஜா கேட்டதுக்கும் இவரு பதில் சொன்னதுக்கும் நடுவுல ஒரு ஜெபம். கண்ண மூடியிருக்க மாட்டாரு, ராஜா முன்னால மூடவா முடியும்.

நான் சொல்ல வாறது இவ்வளவுதான். நாங்க ஜெபத்த பேசுறதா மட்டும் ஆக்கிட்டோம். வேலை, வீசா, வீடு, பிள்ளைக்கு ஓ.எல். பரீட்சை ரிசல்ட், வரிசையா லிஸ்ட்ட படிச்சிட்டு ஆமென். பேசும்னு கேக்குறோம், பேச எடம் குடுக்குறதில்ல. உடனே யாராவது கீழ கமென்ட்ல வந்து மார்த்தாள் மாதிரி வேலையில ஓடாத, மரியாள் மாதிரி இயேசு பாதத்துல உக்காருன்னு போடுவீங்க, தெரியும். லூக்கா 10ஆம் அதிகாரத்த எடுத்து பாருங்க, மரியாள் ஒரு வார்த்தை பேசல, கேட்டுக்கிட்டு இருந்தா.

தனியா ஜெபிக்கிறது தப்புன்னு சொல்லல. இயேசுவே தனியா போனவருதான். ஆனா மாற்கு 6ல, சீஷருக்கு சாப்பிடக்கூட நேரம் இல்லன்னு வனாந்தரத்துக்கு கூட்டிட்டு போறாரு, ஜனங்க கால்நடையாவே ஓடி இவங்களுக்கு முந்தி அங்க போய் நிக்கிறாங்க. அவரு எரிச்சல் படல, மனதுருகினாராம். நான் உள்தாப்பா போட்டுட்டு இருந்தவன்.

நான் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கன் இல்ல, ஆனாலும் அவங்க குருவானவர் யோசப் வாஸ் அடிகளார நெனைச்சா ஒரு மாதிரி இருக்கும். 1692ல கண்டிக்கு வந்த மனுசன உளவாளின்னு ஜெயில்ல போட்டாங்க. அதே கண்டியில 1697ல அம்மை நோய் பரவுனப்ப நோயாளிங்க பக்கத்துல போய் நின்னவரு அவருதான். 2015ல பாப்பரசர் கொழும்பு காலிமுகத்திடல்ல அவர புனிதர்னு அறிவிச்சப்ப நான் டீவியில பாத்துக்கிட்டு இருந்தேன். அவருக்கு ஜெப நேரம் எது, வேலை நேரம் எதுன்னு பிரிக்கவே முடிஞ்சிருக்காதுன்னு தோணுது.

நேத்து பைப்படியில பெரியம்மாவ கண்டேன். மாரியம்மன் கோயிலுக்கு போறவங்க அவங்க. மன்னிப்பு கேக்கத்தான் கிட்ட போனேன், அதுக்குள்ள அவங்களே, "அன்னிக்கு ஜெபத்துல இருந்தியாமே சாமி, நம்ம பேரனுக்கும் சேத்து கேட்டிருப்ப"ன்னு சிரிக்கிறாங்க.

நான் கேக்கல. தலைய மட்டும் ஆட்டிட்டு வாளிய தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.