எதிரிக்கு வேட்பாளர் பொறுக்கிக் கொடுக்கும் அரசியல்

2022 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கு நடந்த குடியரசுக் கட்சி பிரைமரியை (கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் முதல்கட்டத் தேர்தலை) இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அந்தத் தொகுதியின் அப்போதைய எம்.பி. குடியரசுக் கட்சியின் பீட்டர் மையர். 2021 ஜனவரி 3இல் பதவியேற்றார். மூன்றே நாளில் டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அடுத்த வாரமே மையர், டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தார். அவர் கட்சியில் அந்தத் துணிச்சல் மொத்தம் பத்துப் பேருக்குத்தான் இருந்தது. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மேடைக்கு மேடை கேட்டதும் அதைத்தானே? “குடியரசுக் கட்சியில் மனசாட்சி உள்ளவர்கள் யாருமே இல்லையா?” என்றுதானே?

பிரைமரியில் அவரை எதிர்த்து நின்றவர் ஜான் கிப்ஸ். டிரம்ப்பின் ஆதரவு பெற்றவர், கையில் பெரிய காசில்லாதவர். அவருக்காக 4 லட்சம் டாலருக்கு மேல் கொட்டி டிவி விளம்பரம் ஓட்டியது யார் தெரியுமா? ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரக் குழு!

பார்த்தால் அது கிப்ஸைத் தாக்குகிற விளம்பரம். ‘டிரம்ப் கைகாட்டிய ஆள், அளவுக்கு மீறிய வலதுசாரி’ என்று எச்சரிக்கும். ஆனால் பிரைமரியில் ஓட்டுப் போடப்போகிற டிரம்ப் விசுவாசிக்கு இதைவிட நல்ல சிபாரிசு வேண்டுமா? மையர் சுமார் நான்கு சதவீத வித்தியாசத்தில் தோற்றார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஹிலரி ஸ்கோல்டன் கிப்ஸைத் தோற்கடித்தார்.

“ஜெயிச்சாச்சே, அப்புறம் என்ன?” என்று கேட்கிறவர்கள் எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே இருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் குடியரசுக் கட்சியின் டிரம்ப் ஆதரவாளர் மாஸ்ட்ரியானோவை இதே பாணியில் தூக்கிவிட்டு ஜனநாயகக் கட்சியின் ஷபிரோ ஆளுநரானதையும் சொல்வார்கள். 2012இல் மிசௌரியில் ஜனநாயகக் கட்சி செனட்டர் மெக்காஸ்கில், குடியரசுக் கட்சியின் டாட் ஏகினை வைத்துச் செய்ததும் இதுதான். அதை அவரே பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். கணக்கு பலித்தது உண்மைதான். ஆனால் 2015இல் ஹிலரி கிளிண்டன் தரப்பும் இப்படி ஒரு கணக்குப் போட்டது. குடியரசுக் கட்சியில் யாரைப் பெரிய ஆளாக்கிக் காட்டினால் நமக்கு லாபம் என்று பட்டியலிட்ட அந்தக் குறிப்பில் டிரம்ப் பெயரும் இருந்தது. அது எங்கே போய் முடிந்தது என்று உலகத்துக்கே தெரியும்.

கணக்கு பலித்தாலும் இதை என்னால் ஏற்க முடியாது. ஜனநாயகத்துக்கே ஆபத்து என்று ஊரெல்லாம் சொல்லி நன்கொடை வாங்கிவிட்டு, அந்த ஆபத்தானவருக்கே பலம் சேர்ப்பது கொடுத்தவர்களுக்குச் செய்யும் துரோகம். குடியரசுக் கட்சித் தரப்பும் யோக்கியமில்லை. 2020இல் வட கரோலினாவில் ஜனநாயகக் கட்சி பிரைமரிக்குள் அவர்கள் பணமும் புகுந்தது. அதற்காக இதைச் சரியென்று ஆக்கிவிட முடியுமா?

பதவிநீக்கத் தீர்மானத்தை ஆதரித்த அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் மறுபடி நிற்கவே இல்லை. நான்கு பேர் பிரைமரியில் வீழ்ந்தார்கள். திரும்பி வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவரான கலிஃபோர்னியாவின் வலடாவோவையும் ஜனநாயகக் கட்சித் தரப்பு விடவில்லை. அவரை எதிர்த்த டிரம்ப் விசுவாசியைத் தூக்கிவிட அங்கேயும் விளம்பரம் ஓட்டினார்கள். வலடாவோ தப்பிப் பிழைத்தார். அடுத்த முறை தன் தலைவரை எதிர்த்து ஓட்டுப் போட வேண்டிய நிலை ஒரு குடியரசுக் கட்சி எம்.பி.க்கு வந்தால், மையருக்கு நடந்தது அவர் நினைவுக்கு வராமல் இருக்குமா?