பத்து சென்டிமீட்டர் இடித்ததில் வந்து சேர்ந்த மண்ணுளி

"அண்ணே, எங்க ஃபிளாட் சின்னது. பாம்பு வளர்க்கணும்னு பையன் ஒத்தக்கால்ல நிக்கிறான். இடத்தை அடைக்காம சின்னதா எது வாங்கலாம்?" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார். இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். என் மகள் பாம்பைக் கையில் வைத்திருக்கும் படத்தைப் போட்டதிலிருந்து இதே கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதச் சோம்பலாக இருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு லண்டன் ஈஸ்ட் ஹாமில், ஒரே படுக்கையறை உள்ள வாடகை ஃபிளாட். ஹாலில் ரேடியேட்டருக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவில் இருந்த காலி இடத்தை டேப் வைத்து அளந்தால் 110 செ.மீ. மகள் ஆசைப்பட்டது கார்ன் ஸ்னேக். கடையில் காட்டிய குட்டி ஒரு பென்சில் பருமன்கூட இல்லை. ஆனால் வளர்ந்தால் 120 செ.மீ. சர்வசாதாரணம், 150 வரைகூடப் போகும். அதற்கு 120 செ.மீ. நீளப் பெட்டியாவது வேண்டும். பத்து சென்டிமீட்டர் இடித்தது.

"பாம்புதானேப்பா, சுருண்டு படுத்துக்கும்" என்றாள் மகள். கடைக்காரர் அவளுக்கு ஒத்து ஊதினார். "பெட்டி எவ்வளவு பெரிசோ, அந்த அளவுக்குத்தான் சார் வளரும்." கடையின் பெயர் வேண்டாம், ஆனால் இது சுத்தப் பொய். இரை போடப் போட அது வளரத்தான் செய்யும். இடம் பற்றாமல் ராத்திரி முழுக்க மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். உடம்பை ஒரு முறையாவது முழுசாக நீட்டிப் படுக்க முடியாத பெட்டியில் எந்தப் பாம்பையும் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. பண்ணைக்காரர்கள் மேசை இழுப்பறை மாதிரி டப்பாக்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு வளர்க்கிறார்கள். இட நெருக்கடிக்கு அதுதான் வழி என்று சிலர் சொல்கிறார்கள். நமக்கு இடம் மிச்சம், சரி. அதற்கு?

தம்பி "சின்னதா" என்று கேட்டார் பாருங்கள், சிக்கலே அந்தச் சொல்லில்தான். நீளத்தை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வோம். கார்ட்டர் ஸ்னேக் ஒல்லிக்குச்சி, ஆண் இரண்டடி இருந்தாலே அதிகம். ஆனால் பகல் முழுக்க அலைகிற ஜாதி, ஓடியாட நல்ல இடம் கேட்கும். மீன் தின்னும், ஆனால் எல்லா மீனும் ஆகாது. சில மீன்களில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், அதையே தொடர்ந்து போட்டால் பாம்புக்கு வலிப்பு வரும். ராயல் பைத்தான் இதற்கு நேர் எதிர். போட்ட இடத்தில் கிடக்கும் சாது என்று நம்பி வாங்குகிறார்கள். அது நாலடி, ஐந்தடி நீளத்துக்குக் கை மொத்தத்தில் வளரும், இருபது முப்பது வருஷம் இருக்கும். திடீரென்று மூன்று நான்கு மாதம் சாப்பிடாமல் உட்கார்ந்துகொள்ளும். முதன்முறை வளர்ப்பவருக்கு அந்த மாதங்களில் தூக்கம் போய்விடும்.

சில்ட்ரன்ஸ் பைத்தான் என்று ஒன்று உண்டு, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது, ஏறக்குறைய மூன்றடி. பெயரைப் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கு ஏற்றது என்பதால் வைத்த பெயர் என்று நானே நாலு பேரிடம் அளந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் என்பவரின் நினைவாக 1842-இல் ஜான் எட்வர்ட் கிரே வைத்த பெயராம். வெறும் அளவுதான் கணக்கு என்றால் நம் ஊர்ப் பூந்தொட்டியில் நெளியும் புழுப்பாம்பை மிஞ்ச ஆளில்லை, ஒரு சாண்கூட இருக்காது. ஆனால் அது தின்பது எறும்பு முட்டையும் கறையான் புழுவும். யார் போய்ப் பிடித்துத் தருவது?

கடைசியில் நாங்கள் வாங்கியது கென்யன் சேண்ட் போவா. ஆண். நம் மண்ணுளிப் பாம்புக்குப் பங்காளி, கிழக்கு, வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட மண்ணில் புதைந்து வாழ்வது. ஆண் ஒன்றரை அடிதான். பெண் இரண்டரை அடி வரை போகும், பருமனும் கூட. அதனால் இடம் இல்லாதவர்கள் ஆண் என்று கேட்டு வாங்க வேண்டும். வால் அடியில், கழிவு வாய்க்கு இரண்டு பக்கமும் ரோஜா முள் மாதிரி குட்டியாக இரண்டு நகங்கள் இருக்கும். ஆணுக்கு அது எடுப்பாகத் தெரியும். ஆரஞ்சு உடம்பில் கரும்பழுப்புத் திட்டுகள். மகள் வைத்த பெயர் மிக்சர்.

அளவு ஒரு காரணம் என்றால், அதன் சுபாவம் அதைவிடப் பெரிய காரணம். மண்ணுக்குள் புதைந்து, இரை தலைக்கு மேலே வரும்வரை காத்துக்கிடப்பதுதான் அதன் பிழைப்பு. அலையாது. ஆகவே 90 செ.மீ. பெட்டி அதற்குத் தாராளம். அந்தப் பெட்டியை அலமாரியை ஒட்டி வைத்துவிட்டு ரேடியேட்டர் பக்கம் இருபது சென்டிமீட்டர் இடைவெளி விட்டேன். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பெட்டியின் ஹீட்டரைத்தான் அணைக்கும், பக்கத்தில் கொதிக்கும் ரேடியேட்டரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பெட்டியின் ஒரு முனை 32, 33 டிகிரி, மறுமுனை 25 என்று இருந்தால்தான் பாம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே தேடிப் போய்ப் படுக்கும்.

இரண்டு தப்பு செய்தேன். சூட்டுக்கு அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) போட்டது முதல் தப்பு. தோண்டுகிற பாம்பு நேராகப் போய் அந்த விரிப்பின் மேலேயே படுத்துச் சுட்டுக்கொள்ளும். நல்லவேளை, புண் ஆவதற்குள் பார்த்துவிட்டேன். இப்போது மேலிருந்து சூடு, ஹீட்டரைச் சுற்றிக் கம்பி வலை. அப்புறம் தண்ணீர்க் கிண்ணம். கனமான கல் கிண்ணத்தை மரச்சீவல் மேலே வைத்திருந்தேன். அடியில் அது தோண்டிப் போகும்போது கிண்ணம் இறங்கி நசுக்கிவிடும் என்று ஒருவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. இப்போது கிண்ணம் பெட்டியின் தரையிலேயே நிற்கிறது, அதைச் சுற்றி நாலைந்து அங்குலத்துக்குச் சீவல்.

சரி, இதில் என்ன சுகம் என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன், பாதி நாள் வெறும் மரச்சீவலைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். முதல் பத்து நாளில் நாங்கள் கண்டது சீவலில் ஓடிய ஒரு நெளிவு மட்டுமே. விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தால், கடுகு அளவில் இரண்டு கண்ணும் மண்வெட்டி மாதிரி மூக்கும் மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். ஃப்ரீசரில் இருந்து எடுத்து உருகவைத்துச் சூடாக்கிய எலியை நீளக் கிடுக்கியில் பிடித்து அருகே கொண்டுபோனால் ஒரு நொடி ஒன்றுமே நடக்காது. அடுத்த நொடி சீவல் நாலா பக்கமும் தெறிக்கும், கிடுக்கி காலியாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை இந்தக் காட்சி. பையனுக்கு நாள் முழுக்கத் தோளில் போட்டுத் திரிய வேண்டும் என்றால் இது வேண்டாம், ஏமாந்துபோவான்.

இடம் என்றால் எல்லோரும் பெட்டியைத்தான் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் சண்டை வந்தது ஃப்ரீசரில். உறைந்த எலிப் பொட்டலமும் தேங்காய்த் துருவல் பொட்டலமும் ஒரே தட்டில் கிடந்ததை மனைவி பார்த்த நாளை நான் விவரிக்கப் போவதில்லை. இப்போது எலிக்கு மூடி போட்ட தனி டப்பா, அடித்தட்டில். பாம்பின் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஊர்வனவற்றின் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கும். வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் இப்போது வேண்டவே வேண்டாம். தம்பி, பையனுக்கு என்ன வயது என்று நீ சொல்லவில்லையே?

அம்மாவிடம் வீடியோ காலில் காட்டினேன். "மண்ணுளியா? லட்சக்கணக்குல விலை பேசி வித்து, ஃபாரஸ்ட்காரங்ககிட்ட மாட்டுவாங்களேடா!" என்று அலறிவிட்டார். பக்கத்துப் பெட்டிக்கடைக்குக் கேட்டிருக்கும். அம்மா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: நம் நாட்டுப் பாம்பு எதையும் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தண்ணீர்ப் பாம்பு, சாரைகூட. ராயல் பைத்தான் மாதிரி சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருந்தால், 2022 திருத்தத்துக்குப் பிறகு மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். "தூக்கிட்டுப் போங்க சார், பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எவனாவது சொன்னால் நடையைக் கட்டுங்கள். சிங்கப்பூர் நண்பர்களுக்கு அந்தக் கவலையே இல்லை, அங்கே எந்தப் பாம்பையும் வீட்டில் வைக்க அனுமதி கிடையாது.

இங்கே இங்கிலாந்தில் இந்த இனத்துக்கு லைசன்ஸ் தேவையில்லை. இருந்தாலும் வீட்டு உரிமையாளரிடம் கேட்டேன். நாய், பூனை கூடாது என்றிருந்த ஒப்பந்தத்தில் பாம்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "தப்பி வந்தால் பிடிக்க நீங்கள் இருக்கும்வரை சரி" என்று எழுதி அனுப்பினார். இதுவும் பதினைந்து, இருபது வருஷம் இருக்கிற ஜீவன். மகள் காலேஜ் போன பிறகும் எலியை வெந்நீரில் போடப் போவது நான்தான்.

ஆகவே தம்பி, கடைக்குப் போகும் முன்னால் ஹாலை ஒருமுறை அளந்து சொல். ரேடியேட்டர் எந்தப் பக்கம், பிளக் பாயின்ட் எங்கே, பையனுக்கு என்ன வயது, மூன்றையும் சேர்த்து எழுது. ஃப்ரீசர் விஷயத்தை மட்டும் வீட்டில் முதலிலேயே பேசிவிடு.