மருந்தடிக்காத சலாது என்றால் போதுமா?

போன வருடம் வெள்ளவத்தை பிளாட் பல்கனியில் ரெஜிபோம் பெட்டி வைத்துச் சலாது வளர்த்தேன். மண் இல்லை, அல்பேட் என்ற உரத்தைக் கரைத்த தண்ணீர்தான். எதிரே ஆறு மாடிக் கட்டடம். காலையில் ஒரு மணித்தியாலம் வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். செடி நோஞ்சானாக நீண்டது. நானும் பக்கற்றில் சொன்னதைவிட ஒரு கரண்டி கூடப் போட்டேன். ஒரு கிழமையில் இலை கரும்பச்சை. படம் எடுத்து இங்கே போட, நீங்களும் இதயம் போட்டீர்கள். மாமி மட்டும் ஒரு இலையைக் கடித்துப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, வெறும் தண்ணியாக் கிடக்குது" எண்டா.

அந்தக் கரும்பச்சையின் கணக்கு பிறகுதான் விளங்கியது. செடி வேரால் உறிஞ்சும் நைத்திரேற்று என்ற நைதரசன் உப்பைப் புரதமாக்குவதற்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் குறைவு, உரம் தாராளம் என்றால் நைத்திரேற்று அப்படியே தேங்கிவிடும், அதுவும் காம்பிலும் நடுநரம்பிலும் கூடுதலாக. மூடிய பச்சைவீட்டுக்கும் இதே கதைதான். ஐரோப்பியச் சட்டத்தையே பாருங்கள்: குளிர்காலச் சலாது வெளியில் வளர்ந்தால் கிலோவுக்கு 4000 மில்லிகிராம் நைத்திரேற்று வரை இருக்கலாம், கூரைக்குள் வளர்ந்தால் 5000 வரை.

நைத்திரேற்று ஒரு நாளைக்கு உடல் நிறையில் கிலோவுக்கு 3.7 மில்லிகிராம் வரை போகலாம் என்பது சர்வதேச நிபுணர் குழு வைத்த எல்லை. 15 கிலோ பிள்ளைக்கு அது 55 மில்லிகிராம் சொச்சம். அந்த 5000 இல் நிற்கும் இலை என்றால் 11 கிராமிலேயே முடிந்துவிடும், சாண்ட்விச்சுக்குள் வைக்கிற ஒன்றிரண்டு இலை. எல்லா இலையும் அந்த உச்சத்தில் இருக்காது, அதனால் கீரையை விட்டுவிடாதீர்கள். கைக்குழந்தைக்கு மட்டும் உண்மையிலேயே கவனம் வேண்டும்.

கட்மியம் என்ற நச்சு உலோகம் வேறு சங்கதி. பொசுபேற்று உரத்தோடு சேர்ந்து வரும், மண் அமிலமானால் வேர் இன்னும் கூட இழுக்கும். நைத்திரேற்றென்றால் அவித்த தண்ணீரை ஊற்றிவிடக் கொஞ்சம் குறையும். கட்மியம் இலைக்குள்ளே போய் இருந்துவிடும், கழுவி ஒரு பிரயோசனமும் இல்லை. ஈயம் பெரும்பாலும் தெருத்தூசியாக மேலே படிவது, அதைக் கழுவலாம். கொலன்னாவைப் பக்கம் கழிவுநீர் வந்து சேரும் சேற்றில் வளரும் கங்குன் கீரையைக் கட்டுக்கட்டாக வாங்கிச் சுண்டும் மாமியும் சலாதைப் பார்த்துச் சிரிக்க ஏலாது.

எனக்குக் கோபம் கடையில் விற்கும் அந்தப் பளபளக்கும் கீரைப் பக்கற்றில்தான். "கிருமிநாசினி அற்றது" எண்டு ஒட்டினால் போதும், விலை இரட்டிப்பாகிவிடும். நைத்திரேற்று எவ்வளவு, கட்மியம் எவ்வளவு, யாராவது அளந்தார்களா? ஒரு வரி இல்லை. 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்து அதே நவம்பரில் கைவிட்ட நாடு இது, இன்னமும் "இரசாயனமா இயற்கையா" என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை. கோழி எருவை அள்ளிக் கொட்டினாலும் செடி எடுப்பது நைத்திரேற்றுத்தான். கமக்காரரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கரும்பச்சையாகப் பார்த்துப் பொறுக்குவது நாங்கள்தானே? அறுவடைக்குச் சில நாள் முன் நைதரசனைக் குறைத்து, பின்னேரம் பறித்தால் நைத்திரேற்று இறங்கும். ஆனால் வெளிறிய இலையை யார் வாங்குவார்?

பெட்டியை இப்போது மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டேன். உரம் பக்கற்றில் சொன்ன அளவுதான். இலை கொஞ்சம் வெளிறித்தான் கிடக்கு. மாமி இன்னும் கடித்துப் பார்க்கவில்லை.